எண்ணப்படாத தலைகளும் அளந்து காட்டப்படாத மனைகளும்

2011ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இரவு, இந்தியாவின் வீடற்ற மக்கள் எண்ணப்பட்டார்கள். அம்மாதம் 9ஆம் நாள் தொடங்கி வீடு வீடாகச் சென்று மக்கள்தொகையைப் பதிவு செய்துவந்த கணக்கெடுப்பாளர்கள், கடைசி இரவை மட்டும் நடைபாதைகளுக்கும் பாலத்தடிகளுக்கும் தொடர்வண்டி நிலையங்களுக்கும் ஒதுக்கினார்கள். வீடுள்ளோருக்கு இருபது நாள், வீடற்றோருக்கு ஓர் இரவு. அந்த ஓர் இரவில் கிடைத்த எண் 17.73 லட்சம். நாடாளுமன்றப் பதில்களிலும், நீதிமன்ற வாக்குமூலங்களிலும், திட்ட அறிக்கைகளிலும் இன்றுவரை எடுத்தாளப்படுவது அந்த எண்ணே.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டுள்ளது. இம்முறை அனைவரின் சாதியும் பதிவு செய்யப்படவிருக்கிறது. சாதிவாரிக் கணக்கெடுப்பைக் குறித்து நாம் நிறையப் பேசிவிட்டோம். ஆனால், கணக்கெடுப்பாளர் தட்டுவதற்கு ஒரு கதவுகூட இல்லாதவர்களின் சாதி எப்படிப் பதிவாகும் என்பதைக் குறித்து இன்னும் பேசவில்லை. வீடின்மையை அளப்பது புள்ளியியலாளர்களின் தனிவேலை என்று ஒதுக்கிவிடக்கூடியதன்று. யாருக்கு மனை, யாருக்கு வீடு, யாருக்கு இரவுக் காப்பகம் என்பதை அந்த அளவையே முடிவு செய்கிறது.

வீடு என்பதற்கு அரசு தரும் பொருள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறைப்படி, கட்டடங்களிலோ கணக்கெடுப்பு வீடுகளிலோ வசிக்காமல், திறந்தவெளியில், சாலையோரத்தில், நடைபாதையில், பெருங்குழாய்களுக்குள், மேம்பாலங்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் அடியில், வழிபாட்டிடங்களின் திறந்த மண்டபங்களில், தொடர்வண்டி நடைமேடைகளில் வசிப்பவர்களே வீடற்றவர்கள். அதாவது, தலைக்கு மேல் கூரை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாதவர்கள்.

கூரை என்று எவையெல்லாம் ஏற்கப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். 2011 வீட்டுப் பட்டியல் படிவத்தில் கூரைக்கும் சுவருக்குமான பொருள்களின் வரிசையில் நெகிழித் தாளும் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. நான்கு கழிகளை நட்டு நெகிழித் தாளைப் போர்த்தி, அதற்குள் பிள்ளைகளோடு படுத்திருக்கும் குடும்பம் அரசின் கணக்கில் வீடுள்ள குடும்பமாகிவிட வழியிருந்தது. ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பத்துக்கு மனை தன்னுடையதில்லை. அடுத்த மழையில் கரை உடைந்தாலோ, ஆக்கிரமிப்பு அகற்றம் என்று பொக்லைன் வந்தாலோ எதுவும் மிஞ்சாது. செங்கற்சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு, சூளைக்காரர் போட்டுத் தந்த தாழ்வாரத்தில் ஆறு மாதம் தங்கியிருக்கும் குடும்பத்தின் நிலையும் இதுதான். கணக்கெடுப்பின் மொழியில் இவர்கள் எவரும் வீடற்றவர்கள் அல்லர்.

ஐரோப்பாவில் வீடின்மைக்கு எதிராகச் செயல்படும் அமைப்புகளின் கூட்டமைப்பு வகுத்துள்ள வரையறை நான்கு படிகளைக் கொண்டது. கூரையின்றி இருப்பது, காப்பகங்களில் தங்கி வீடின்றி இருப்பது, வெளியேற்றத்தின் அச்சத்தில் உறுதியற்ற குடியிருப்பில் இருப்பது, மனிதர் வாழத் தகாத அல்லது நெரிசல் மிகுந்த இடத்தில் இருப்பது என்பன அவை. நம் நாட்டில் முதற்படியில் இருப்போரை மட்டும் எண்ணி, அதையே முழுக்கணக்கு என்கிறோம். எஞ்சிய மூன்று படிகளிலும் நிறைந்திருப்போர் யார் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சேரிக்குள் மறையும் வீடின்மை

2001 கணக்கெடுப்பில் வீடற்றோர் 19.43 லட்சம். பத்தாண்டுகளில் இந்த எண் குறைந்தது என்பதை அரசுகள் வளர்ச்சியின் சான்றாகக் காட்டின. உள்ளே பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. நகர்ப்புறத்தில் 7.78 லட்சமாக இருந்தவர்கள் 9.38 லட்சமாகப் பெருகினார்கள். நாட்டுப்புறத்தில் 11.65 லட்சமாக இருந்தவர்கள் ஏறத்தாழ 8.35 லட்சமாகக் குறைந்தார்கள். மொத்த எண்ணைக் கீழிறக்கியது நாட்டுப்புறக் கணக்குதான்.

நாட்டுப்புறத்தில் வீடற்றோர் ஏன் கண்ணில் படுவதில்லை என்ற கேள்விக்குச் சாதியைத் தவிர்த்து விடை காண இயலாது. ஊர்த்தெருவில் வீடிழந்தவர் உறவினர் வீட்டிலோ, வாடகைக்கோ, கோயில் மண்டபத்திலோ சில நாள் தங்கிக்கொள்ளலாம். சேரியில் வீடிழந்தவருக்கு ஊர்த்தெருவில் வாடகை வீடு கிடையாது. மண்டபம் கிடையாது. ஊர்ப் பொதுவழியில் படுத்துறங்கவும் முடியாது. அவருக்கு எஞ்சியிருப்பது அண்ணன் வீட்டுத் திண்ணையோ, பெற்றோருக்கு 1980களில் கிடைத்த தொகுப்பு வீட்டின் ஒரு மூலையோதான். ஒற்றை அறையில் பெற்றோர், திருமணமான இரு மகன்கள், அவர்களின் பிள்ளைகள் என்று மூன்று குடும்பங்கள் அடைந்து கிடப்பதை எந்தக் காலனிக்குள் நுழைந்தாலும் காணலாம். திறந்தவெளியில் படுக்கும் உரிமைகூட மறுக்கப்பட்ட மக்களிடம், திறந்தவெளியில் படுப்போரை மட்டும் எண்ணும் அளவுகோலைக் கொண்டுசென்றால் சுழியமே விடையாக வரும். நாட்டுப்புறத் தலித் மக்களின் வீடின்மை, நெரிசல் என்னும் பெயரில் ஒளிந்திருக்கிறது.

இவ்வொளிவின் அளவை அரசின் ஆவணமே ஒருமுறை வெளிப்படுத்தியது. 12ஆவது ஐந்தாண்டுத் திட்டத்துக்காக நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைக் கணித்த தொழில்நுட்பக் குழு, 2012இல் அதை 1 கோடியே 87.8 லட்சம் வீடுகள் என மதிப்பிட்டது. இதில் வீடற்ற குடும்பங்களின் பங்கு 5.3 லட்சம். நெரிசலில் வாழும் குடும்பங்களின் பங்கு 1 கோடியே 49.9 லட்சம். பற்றாக்குறையில் ஐந்தில் நான்கு பங்கு நெரிசல்; வீடின்மையோ நூற்றில் மூன்றைக்கூட எட்டவில்லை. இது நகர்ப்புறக் கணக்கு. வாடகைச் சந்தை என ஒன்று ஓரளவேனும் இயங்கும் நகரத்திலேயே நிலைமை இதுவென்றால், அதுவும் இல்லாத சேரியின் நிலையை ஊகிப்பது கடினமன்று.

இதனுடன் மனைப் பட்டாச் சிக்கலையும் சேர்த்துக் காண வேண்டும். ஆதிதிராவிடர்க்கு வீட்டுமனை வழங்குவதற்கென நிலம் கையகப்படுத்தத் தமிழ்நாட்டில் 1978இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியே எத்தனையோ ஊர்களில் பட்டா வழங்கப்பட்டது உண்மை. பட்டா கையிலிருந்தும் மனை எங்கே என்று அளந்து காட்டப்படாத குடும்பங்கள் ஒவ்வொரு மனுநீதி நாளிலும், ஒவ்வொரு மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனுவுடன் நிற்பதும் உண்மை. நில உடைமையாளர் தொடுத்த வழக்கு, பாதையை மறிக்கும் ஊரார், அளக்க வராத நில அளவர் என்று காரணங்கள் நீளும். அரசின் பதிவேட்டில் அக்குடும்பம் பயனாளி. நடைமுறையில் அதற்கு ஒரு சாண் நிலமும் இல்லை. 1892ஆம் ஆண்டு ஆணையின் வழியே ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைக் குறித்து நூற்றாண்டுக்கும் மேலாக நாம் கேட்டுவரும் கேள்வியின் மறுபக்கம்தான் இது. தாளில் உள்ள நிலம் தரையில் எங்கே?

நகரத்தின் ஓரிரவு

நகரத்துக்கு வருவோம். வீடற்றோரை எண்ணும் முறை எந்த அளவுக்கு விடையை மாற்றும் என்பதற்குத் தில்லி தெளிவான எடுத்துக்காட்டு. 2008இல் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய தலைக்கணக்கெடுப்பில் அந்நகரில் 88,410 பேர் எண்ணப்பட்டார்கள். 2010இல் அரசு முன்னெடுத்த கணக்கெடுப்பில் 55,955 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 47 ஆயிரம் பேர். 2014இல் நகரக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியத்துக்காக நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் 16,760 பேர். ஆறே ஆண்டுகளில் எழுபதாயிரம் பேருக்கு வீடு கிடைத்துவிட்டது என்று எவரும் நம்பப்போவதில்லை. எண்ணிய பருவம், எண்ணிய நேரம், எண்ணியவர்கள், எண்ணிய இடங்கள் ஆகியவை மாறியதால் எண்ணும் மாறியது.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பு கண்ட வீடற்றோர் ஏறத்தாழ 51 ஆயிரம் பேர். இவ்வெண்ணில் தவறியிருக்கக்கூடியவர்கள் யார் என்று எண்ணிப் பார்ப்போம். இரவில் தனித்துறங்கும் பெண்கள், ஆண்களின் கண்ணில் படாத இடத்தைத் தேடிக்கொள்கிறார்கள். அவர்களின் பாதுகாப்பே மறைந்திருப்பதில்தான் உள்ளது. எண்ண வருபவரின் கண்ணுக்கும் அவர்கள் படுவதில்லை. கோயம்பேட்டில் இரவெல்லாம் மூட்டை இறக்குபவரும், விடியற்காலை மீன் சந்தையில் கூடை தூக்குபவரும் பகலில் உறங்குபவர்கள். இரவில் அவர்கள் தொழிலாளர்களாகத் தெரிகிறார்களேயன்றி வீடற்றவர்களாகத் தெரிவதில்லை. காவலர் விரட்டும்போதெல்லாம் இடம் மாறும் திருநர்களும், மருத்துவமனை வாயிலில் மாதக்கணக்கில் கிடக்கும் நோயாளியின் துணைவர்களும் எந்தப் பட்டியலிலும் நிலைப்பதில்லை.

சென்னைக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஜார்ஜ் டவுன், பிராட்வே பகுதிகளின் நடைபாதைகளில் வாழ்வோர் நேற்று வந்திறங்கிய தனியாள்கள் அல்லர். அங்கேயே பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பேரப்பிள்ளைகளையும் கண்ட குடும்பங்கள். பகலில் கடைவாசல், இரவில் படுக்கை என்று ஒரே இடம் இருமுறை கைமாறுகிறது. தனியாள்களுக்கென வடிவமைக்கப்பட்ட, ஆணுக்கு ஓரிடம் பெண்ணுக்கு ஓரிடம் எனப் பிரிக்கும் காப்பகம் இக்குடும்பங்களுக்குப் பயன்படுவதில்லை. தலைகளை மட்டும் எண்ணி, குடும்பங்களை எண்ணத் தவறும் கணக்கு, தேவையற்ற இடத்தில் தேவையற்ற வகைக் காப்பகத்தைக் கட்டவே உதவும்.

வீடு ஒதுக்கப்பட்டும் வீடற்றுப் போனவர்களும் இருக்கிறார்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். நகர மையத்திலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வீசப்பட்ட பின், வீட்டுவேலைக்கும் தூய்மைப் பணிக்கும் சுமைப் பணிக்கும் பழைய இடத்துக்கே வந்தாக வேண்டியவர்கள் அவர்கள். பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் கூலியை விழுங்கும்போது, வாரத்தில் சில இரவுகளை வேலைத்தலத்துக்கு அருகிலேயே கழிப்பது வழக்கமாகிறது. ஒதுக்கீட்டு ஆணை அவர்கள் பெயரில் இருப்பதால், எந்தக் கணக்கெடுப்பும் அவர்களை வீடற்றோர் எனக் கொள்வதில்லை.

சாதியை எழுதாத கணக்கு

தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் நகரங்களில் சில ஆண்டுகளுக்கு முன் நடத்தப்பட்ட ஆய்வொன்று, நகர்ப்புற வீடற்றோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பட்டியல் சாதியினர் என்று கண்டது. மக்கள்தொகையில் அவர்களின் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்று. நிலமின்மையும் வீடின்மையும் ஒரே வரலாற்றின் இரு விளைவுகள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோரிடமும் பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி விவரத்தைக் கேட்கிறது. ஆனால் அங்கும் இரு ஓட்டைகள் உள்ளன. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயங்களைச் சார்ந்தோர் மட்டுமே பட்டியல் சாதியினராகப் பதிவாவார்கள். தலித் கிறித்தவர் அக்கணக்கில் சேரமாட்டார். இரண்டாவது, பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து சென்னையின் கட்டுமானத் தலத்தருகே உறங்கும் தொழிலாளியின் சாதி தமிழ்நாட்டுப் பட்டியலில் இல்லையெனில், எல்லை கடந்தவுடன் அவர் பட்டியல் சாதியினர் அல்லாதவராக எண்ணப்படுகிறார். இழிவு அவருடன் பயணம் செய்கிறது, சான்று செய்வதில்லை. அனைவரின் சாதியையும் பெயருடன் பதிய முன்வந்துள்ள 2027 கணக்கெடுப்பு இவ்விரு ஓட்டைகளையும் அடைக்கக் கூடியது. ஆனால், வீடற்றோருக்கு மீண்டும் ஓர் இரவை மட்டுமே ஒதுக்கி, உறக்கத்தில் எழுப்பி அவசரமாகச் சாதி கேட்டால், பதிவாகப் போவது வெற்றிடமே. காவலரின் தடியைப் பார்த்துப் பழகியவர், நள்ளிரவில் கைபேசியுடன் வந்து சாதி கேட்கும் அரசு ஊழியரிடம் உண்மை சொல்லுவார் என எதிர்பார்க்க முடியாது.

எண் என்ன செய்கிறது

உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் பிறப்பித்த ஆணைகள், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் இரவுபகலாகத் திறந்திருக்க வேண்டும் என்றன. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் அளவு நிலையான காப்பக வசதி வேண்டும் என்றது. இவ்விரு அளவுகோல்களும் நகரின் மொத்த மக்கள்தொகையைச் சார்ந்தவை. வீடற்றோர் எண்ணிக்கையைச் சார்ந்தவை அல்ல. ஆயினும் நடைமுறையில், அவசரக் கணக்கெடுப்பொன்றை நடத்தி, 'இங்கு இத்தனை பேர்தான் இருக்கிறார்கள்' என்று கூறிக் கடமையைக் குறைத்துக்கொள்ளும் போக்கே மேலோங்குகிறது. குறைத்து எண்ணுவது பிழையாகத் தொடங்கி, செலவைக் குறைக்கும் உத்தியாக முடிகிறது.

நாட்டுப்புறத்தில் இதன் விளைவு இன்னும் நேரடியானது. 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் வீடற்ற குடும்பங்கள், இரந்து வாழ்வோர், கையால் மலம் அள்ளுவோர், தொல்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகிய ஐந்து பிரிவினர் தாமாகவே சேர்க்கப்பட வேண்டியவர்கள். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நாட்டுப்புறப் பயனாளிப் பட்டியலில் அவர்களுக்கே முன்னுரிமை. ஆகவே, 2011இல் ஒரு குடும்பம் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்பது, அதன் பின்னான பல ஆண்டுகளின் வாய்ப்பைத் தீர்மானித்தது. அண்ணன் வீட்டுத் திண்ணையில் இருந்த தம்பியின் குடும்பம் அண்ணனின் குடும்பத்துக்குள் எழுதப்பட்டிருந்தால், அது வீடற்ற குடும்பமாகவும் இல்லை, தனிக் குடும்பமாகவும் இல்லை.

நாமே எண்ணுவோம்

இக்குறைகளைச் சுட்டுவதோடு நிறுத்திக்கொள்ள நாம் விரும்பவில்லை. ஒரு சேரியிலோ, ஒரு நகர வட்டத்திலோ வீடின்மையை நேர்மையாக அளப்பது இயலாத செயலன்று.

முதலாவதாக, வரையறையை விரிக்க வேண்டும். கூரையற்றோர், காப்பகத்தில் இருப்போர், பட்டாவற்ற புறம்போக்கில் இருப்போர், ஒரே வீட்டைப் பகிரும் கூடுதல் குடும்பங்கள், பட்டா பெற்றும் மனை அளந்து காட்டப்படாதோர், மறுகுடியமர்வு வீடிருந்தும் வேலைத்தலத்தில் உறங்குவோர் என ஆறு தலைப்புகளில் தனித்தனியே எண்ணலாம். அவற்றை ஒரே எண்ணாகக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

இரண்டாவதாக, எண்ணுவதற்கு முன் இடங்களை வரைய வேண்டும். எங்கே யார் உறங்குகிறார்கள் என்பதை நடைபாதையில் வாழ்பவரும், தூய்மைப் பணியாளரும், தேநீர்க் கடைக்காரரும் அறிவார்கள். அவர்களைக் கொண்டு பகுதி வரைபடம் தயாரித்த பின், ஒரே இரவில் முடிக்காமல், பல இரவுகளும் சில பகல்களும் எண்ண வேண்டும். ஒருவரே இருமுறை பதிவாவதைத் தவிர்க்க, பெயரின் முதலெழுத்து, வயது, சொந்த ஊர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டாலே போதும். இரு சுற்றுகளிலும் தென்பட்டோர் எத்தனை பேர், ஒரு சுற்றில் மட்டும் தென்பட்டோர் எத்தனை பேர் என ஒப்பிட்டால், கண்ணில் படாமல் போனவர்கள் ஏறத்தாழ எத்தனை பேர் என்று மதிப்பிடவும் வழியுண்டு.

மூன்றாவதாக, எண்ணுபவர் யார் என்பது முதன்மையானது. பெண்களைப் பெண்களே அணுக வேண்டும். காவலர் உடன்வரக் கூடாது. சாதி, சமயம், சொந்த மாநிலம் ஆகியவற்றை எதற்காகக் கேட்கிறோம் என்று விளக்கி, பகலில், அமர்ந்து பேசிக் கேட்க வேண்டும். தனியாள் விவரம் எந்த நிலையிலும் காவல்துறைக்கோ, ஆக்கிரமிப்பு அகற்றும் துறைக்கோ போகாது என்ற உறுதி எழுத்தில் தரப்பட வேண்டும். இவ்வுறுதி இல்லையெனில், எண்ணப்படுவதே வெளியேற்றத்துக்கான முன்னறிவிப்பாகிவிடும். நடைபாதைவாசிகளின் வாழ்வாதாரத்தை உயிர்வாழும் உரிமையின் பகுதி என ஏற்ற 1985ஆம் ஆண்டுத் தீர்ப்புகூட, இறுதியில் அவர்களை அகற்றுவதைத் தடுக்கவில்லை என்பதை நாம் மறந்துவிட முடியாது.

நான்காவதாக, கிடைத்த கணக்கு மக்களிடம் திரும்ப வேண்டும். ஊராட்சியில் கிராம சபையிலும், நகரத்தில் பகுதி சபையிலும் அதைப் படித்து, விடுபட்டோரைச் சேர்த்து, தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். ஒரே வீட்டில் எத்தனை குடும்பங்கள் என்ற பட்டியல் ஒரு கிராம சபைத் தீர்மானத்தில் இடம்பெற்றுவிட்டால், 'உங்கள் ஊரில் வீடற்றோர் இல்லை' என்று எந்த அலுவலரும் எளிதில் கூறிவிட முடியாது.

வீடற்றவருக்கு முகவரி இல்லை என்பதும் அரசே ஏற்காத ஒரு வாதம். வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பிக்கும் வீடற்றவர் உறங்குவதாகக் கூறும் இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் சென்று, அவர் அங்கே உறங்குவதைக் கண்டு உறுதிசெய்தால் போதும். முகவரிச் சான்று தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. ஒரு வாக்குக்காக இரவில் தேடிச்செல்ல விதி வகுக்கத் தெரிந்த அரசுக்கு, ஒரு மனைக்காகத் தேடிச்செல்லவும் விதி வகுக்க முடியும்.

2027 பிப்ரவரிக்குள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் சில சேரிகளிலேனும், சில நகர வட்டங்களிலேனும் இத்தகைய கணக்கை நாமே எடுத்து வைத்திருக்க வேண்டும். அரசின் எண் வெளியாகும் நாளில் அதற்கு அருகில் வைத்துக் காட்ட நம் கையில் ஓர் எண் இருக்க வேண்டும். அம்பேத்கர் இயக்கங்களும், நிலவுரிமைக் குழுக்களும், தூய்மைப் பணியாளர் சங்கங்களும் இதற்கான பயிற்சியை இப்போதே தொடங்கலாம். தொடக்கமாக, அவரவர் காலனியில் ஒரே வாசலுக்குள் எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்று இந்த வாரமே எண்ணிப் பார்க்கலாம்.